அண்ணன் பிழைக்கும் முடிவு

துணிக்கடையில் பில் போடும் அவள், தீ விபத்தில் இறந்துபோன தன் அண்ணனைப் பற்றித் திரைக்கதை எழுதி, கதைகளைத் தயாரிப்பாளர்களிடம் கொண்டுசேர்க்கும் பதினொரு ஏஜென்டுகளுக்கு அனுப்பியிருந்தாள். பத்துப் பேரிடமிருந்து பதிலே இல்லை. பதினோராவது ஏஜென்டான பெண்மணி மட்டும் ஃபோனில் கூப்பிட்டார்.

"கதை மனசைப் பிசையுதும்மா. ஆனா அண்ணன் பிழைச்சுக்கணும். அப்பதான் தயாரிப்பாளர்கிட்ட நான் பேச முடியும்."

விடுமுறை நாள் முழுக்க உட்கார்ந்து முடிவை மாற்றினாள். புதிய முடிவில் அண்ணன் கதவைத் தட்டி உள்ளே வந்து, "பசிக்குது, என்ன இருக்கு?" என்று கேட்டான். அதற்குமேல் அவளுக்குக் கை ஓடவில்லை.

மறுநாள் அந்தப் பெண்மணியை ஃபோனில் அழைத்து, "மன்னிச்சிடுங்க மேடம். வராதவனை வந்தான்னு எழுத மனசு வரலை" என்றாள்.

பழைய முடிவோடு பன்னிரண்டாவது ஏஜென்டுக்கு அனுப்பினாள். மாற்றி எழுதிய பக்கத்தைக் கிழிக்கப் போனபோது, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவளுடைய அம்மா கையை நீட்டினாள்.

"அதை எங்கிட்ட குடுத்துடு."