மதிலுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டம்

இருபது வருஷமாக மரக்கட்டையில் படம் செதுக்குகிறவன் செய்யக்கூடாத தப்பைத் தோகுஜி செய்திருந்தான். வரைந்த மெல்லிய தாளைப் பலகைமேல் கவிழ்த்து ஒட்ட வேண்டும். அப்போதுதான் அச்சில் படம் நேராக வரும். அவன் நிமிர்த்தி ஒட்டிச் செதுக்கிவிட்டான். மை தடவி, ஈரத்தாளைப் போட்டுத் தேய்த்து உரித்தபோது கோயில் தோட்டம் இடம்வலமாக மாறிக் கிடந்தது. இடப்பக்கம் நிற்க வேண்டிய நெட்டைக் கல் வலப்பக்கம் நின்றது.

புத்தி எங்கே போயிற்று என்று அவனைக் கேட்டுப் பயனில்லை. ஆறு வயது மகள் கயோ காய்ச்சலில் போய் அன்றோடு நாற்பத்தொன்பதாம் நாள். அதுவரை செத்தவர்கள் அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள், அன்றைக்குத்தான் ஒரேயடியாகக் கிளம்புவார்கள் என்பது அந்த ஊர் நம்பிக்கை. அந்த நாள்வரை அஸ்திக் கலசத்தை வீட்டில் வைத்திருப்பதுதான் வழக்கம். தோகுஜிக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்கத் தெம்பில்லை. முதல் வாரமே மலையடிவாரப் பௌத்தக் கோயிலின் இடுகாட்டில் வைக்கச் செய்துவிட்டான். மனைவி இசோ அதற்காகச் சண்டை போடவில்லை; பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

கூத்து என்னவென்றால், அப்புறம் தினமும் அதே கோயிலுக்குத்தான் போனான். தாழ்வாரத்தில் உட்கார்ந்து, முழங்கால்மேல் பலகையை வைத்துத் தோட்டத்தை வரைந்தான். தோட்டத்தின் எதிர்க்கோடியில் மண்மதில், அதற்குப் பின்னால் இடுகாடு. கல்லைப் பார்த்தான், சீப்பால் வாரினாற்போல் கோடிழுத்த வெள்ளைச் சரளையைப் பார்த்தான். மதில் பக்கம் மட்டும் தலையைத் தூக்கவே இல்லை. படத்தின் உச்சியில் கறுப்பாக ஒரு பட்டை இழுத்து, அதுதான் மதில் என்று முடித்துக்கொண்டான். இந்த மனுஷனைக் கோழை என்று சொல்ல மனம் வரவில்லை, சொல்லாமலிருக்கவும் முடியவில்லை.

கறுப்பு உடுப்பில் கோயிலுக்குக் கிளம்பி வந்த இசோ ஈரத்தாளை எட்டிப் பார்த்தாள்.

"அங்க நீங்க எப்பப் போனீங்க?"

"எங்க?"

"கயோகிட்ட. அங்க மதில்ல ஒரு ஓட்டை இருக்கு. அது வழியாப் பார்த்தா தோட்டம் இப்படியேதான் தெரியும், நெட்டைக் கல் வலது பக்கமா." அவள் விரல் தாளின் உச்சிக்குப் போயிற்று. "இது நீங்கதானே?"

கறுப்புப் பட்டைக்குள் வெள்ளையாக, சுண்டுவிரல் நகமளவு ஓர் ஆள். முழங்கால்மேல் பலகை, குனிந்த தலை. மரத்தில் செதுக்கிய இடம்தான் தாளில் வெள்ளையாக விழும். தோகுஜி கட்டையைத் துடைத்துத் தடவிப் பார்த்தான். அந்த இடத்தில் உளி பட்ட தடமே இல்லை, வழவழவென்றிருந்தது. இன்னொரு தாளை அச்சடித்தான். அதிலும் அந்த ஆள் உட்கார்ந்திருந்தான்.

மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து இத்தனை நாளும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது யார் என்று இருவருக்குமே தெரிந்திருந்தது.

"பத்து மணிக்கு மந்திரம் ஓதுவாங்க," என்றாள் இசோ. "அதோட அவ போயிடுவா. இன்னைக்காவது அவ பக்கம் பாருங்க."

கையிலிருந்த மையைக்கூடக் கழுவாமல் இடுகாட்டுக்கு ஓடினான். இசோ பின்னாலேயே வந்து கல்லறையைக் காட்டினாள், பிறகு மதிலில் இருந்த ஓட்டையைக் காட்டினாள். அது கயோவின் உயரத்தில் இருந்தது. ஈர மண்ணில் மண்டியிட்டுக் கண்ணை வைத்தான்.

நெட்டைக் கல் வலப்பக்கம் நின்றது. எதிரே தாழ்வாரத்தில் ஒருவன் குனிந்து வரைந்துகொண்டிருந்தான். அவன் போட்டிருந்த பழுப்புச் சட்டைதான் தோகுஜியின் உடம்பிலும் இருந்தது.

"இங்க பாருடா," என்றான் தோகுஜி. "ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பாரு."

கத்தினான். மதிலைக் கையால் அடித்தான், மண் உதிர்ந்தது. இசோ அவனை விலக்கித் தானும் பார்த்துவிட்டு, தாழ்வாரத்தில் யாருமே இல்லை என்றாள். அவன் திரும்பவும் கண்ணை வைத்தான். ஆள் அங்கேயேதான் இருந்தான். கோயிலுக்குள் மணி அடித்து மந்திரம் தொடங்கியது. தாழ்வாரத்தில் இருந்தவன் பென்சிலைப் பையில் போட்டான், பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான், ஒருமுறைகூட நிமிராமல் எழுந்து உள்ளே போனான்.