குரங்குக் குல்லா போட்ட தேர்வுக் குழு

வெளியே தார் உருகுகிற வெயில். உள்ளே ஐந்து பேர் கம்பளிச் சட்டை, மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதமாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நினைத்துவிட வேண்டாம். சின்ன மாப்பிள்ளையின் மாமனார் நடத்தும் பரிசுப்பொருள் கடைக்கு இலையுதிர்காலச் சரக்கும் குளிர்காலச் சரக்கும் தேர்ந்தெடுக்கிற கூட்டம் இப்படித்தான் நடக்கும்.

குளிர்காலத்தில் விற்க வேண்டியதைக் கோடையிலேயே முடிவு செய்தால்தான் செய்து வாங்க நேரம் இருக்கும். முன்னொரு வருஷம் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்களாம். போர்வையைப் பார்த்தாலே எல்லோருக்கும் எரிச்சல் வந்து அத்தனையையும் தள்ளிவிட்டு, கடலும் படகும் போட்ட தட்டுகளை வாங்கிக் குவித்துவிட்டார்கள். குளிரில் ஒரு தட்டுகூடப் போகவில்லை. அன்றிலிருந்து மாமனார் வைத்ததுதான் இந்தச் சட்டம். ஏசி பதினாறில் ஓட வேண்டும். கம்பளி போடாத யாரும் உள்ளே வரக் கூடாது. வாசலில் ஒரு பணிப்பெண் நின்று, வருகிறவர் யார் எவர் என்று பார்க்காமல் தலையில் குல்லாவை மாட்டிவிடுவாள். மஃப்ளரையும் சுற்றிவிட்டால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இன்னொரு சட்டமும் உண்டு. பொருளில் படம் வரைந்தவர்கள் பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்க் காத்திருக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் இரக்கம் வரும், இரக்கம் வந்தால் சரக்கு தேங்கும் என்பது மாமனாரின் வேதவாக்கு.

சின்ன மாப்பிள்ளைக்கு அந்த அறையில் யார் மேலும் எதன் மேலும் காலணா மதிப்பு கிடையாது. கழுத்தில் ரிப்பன் கட்டிய மான், கண்ணாடி போட்ட ஆந்தை, சிரிக்கிற பூசணி என்று விதவிதமாக வரும். அடியில் 'ஓவியர் வடிவமைத்தது' என்று ஒரு சீட்டு ஒட்டிவிட்டால் விலை மூன்று மடங்கு. யாருக்குக் கொடுக்கப்போகிறார்கள்? பிடிக்காத அண்ணிக்கும், பிடித்ததாக நடிக்க வேண்டிய மேலதிகாரிக்கும். வாங்கியவர்களும் பிரிக்காமல் அடுத்தவர் தலையில் கட்டிவிடுவார்கள். இதைத் தேர்ந்தெடுப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்.

தேர்ந்தெடுக்கிற லட்சணமும் அப்படித்தான். மாமனாருக்குப் பளபளவென்று இருக்க வேண்டும். மாமியார் எதை எடுத்தாலும் கவிழ்த்துப் பார்த்து, துடைக்கச் சுலபமா என்பதோடு ரசனையை முடித்துக்கொள்வார். சகலை, அதாவது மூத்த மாப்பிள்ளை, மாமனார் புருவம் போகிற திசையைப் பார்த்துக் கருத்துச் சொல்வான். அவனுக்கு ரசனையும் கிடையாது, அது இல்லை என்கிற வெட்கமும் கிடையாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சின்ன மாப்பிள்ளை மனசுக்குள் சொல்லிக்கொள்வான். மனசுக்குள் மட்டும்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்தக் கூட்டத்தில் வெளியே அவன் போட்டதெல்லாம் ஆமாம் சாமிதான்.

இந்த வருஷம் அப்படி இல்லை என்று மனைவியிடம் சவால் விட்டிருந்தான். ஒரு கண்காட்சியில் யாரோ ஒருத்தி வரைந்த கோப்பைகளைப் பார்த்தான். தெருநாய்கள். எலும்பு தெரிகிற சாதாரணத் தெருநாய், குளிருக்கு வாலுக்குள் மூக்கைப் புதைத்துச் சுருண்டு படுத்திருக்கும். கோப்பையைக் கையில் எடுத்தால் விரல்கள் தானாகவே நாயைச் சுற்றிப் பொத்திக்கொள்ளும். குளிர் என்பதை இதைவிட ஒழுங்காக யாரும் வரைந்து அவன் பார்த்ததில்லை. வரைந்தவள் அன்று அங்கே இல்லை. நம்பர் வாங்கிப் போனில் பிடித்தான்.

அவள் யோசித்தாள். வேறொரு கடைக்காரர் கேட்டிருக்கிறார், அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றாள். இவன் விடவில்லை. அடுத்தடுத்துக் கூப்பிட்டுப் பேசினான். கடைசியில், "எங்க கடையில இந்த சீசன் உங்க கோப்பை இருக்கும். நான் பேசி ஆர்டர் வாங்கித் தரேன், அது என் பொறுப்பு" என்று சொன்னான். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவள் அந்தக் கடைக்காரரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள். இப்போது அவளுக்கு இந்த இடத்தை விட்டால் வேறு இடம் இல்லை.

அவளுடைய பெட்டி பிரிக்கப்பட்டது. கோப்பை வந்தால் அதில் குடித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வது வழக்கம். ஐந்து பேருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார்கள். சின்ன மாப்பிள்ளை கோப்பையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டான். அந்த உறைபனி அறையில் அன்று காலையிலிருந்து கிடைத்த ஒரே சுகம் அதுதான்.

மாமியார் கவிழ்த்துப் பார்க்க முடியாமல் டீ இருந்ததால் கருத்துச் சொல்லவில்லை. மாமனார் தூரத்தில் நீட்டிப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன இது, தெருநாய்?"

புருவம் கீழே இறங்கியதைச் சகலை கவனித்துவிட்டான். "நாய்னாலும் கொஞ்சம் பொசுபொசுன்னு வீட்டு நாயா இருந்தா பரவாயில்ல மாமா. இதைப் பார்த்தா பட்டினி கிடந்த மாதிரி இருக்கு" என்றான்.

"நீங்க என்ன சொல்றீங்க சின்ன மாப்பிள்ளை?"

சொல்ல வேண்டியதை அவன் ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்தான். வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. மாமனார் முகத்தைப் பார்த்தான். சகலை உதட்டில் ஒரு சிரிப்பு ஓடுவதைப் பார்த்தான். வந்தது அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டது.

"சொறிநாய் வாய் வெச்ச கப்புல யாரு மாமா டீ குடிப்பா?" என்றான்.

அறை சிரித்தது. மாமனார் சிரித்த சிரிப்பில் புரையேறி, மாமியார் முதுகைத் தட்டிவிட வேண்டியதாயிற்று. இத்தனை வருஷத்தில் அவன் சொன்னதற்கு அந்த மனிதர் இப்படிச் சிரித்ததே இல்லை. அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவர்களைக் கழுதை என்று சொல்ல இவனுக்கு என்ன யோக்கியதை? நாக்கில் நரம்பில்லாமல் பேசிவிட்டு, கையில் மட்டும் கோப்பையைக் கீழே வைக்க மனசில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலையில் இருந்த ஐந்தாவது ஆளைப் பார்த்தார். "நீ சொல்லும்மா."

அந்தப் பெண்ணைச் சின்ன மாப்பிள்ளை மாமியாரின் அண்ணன் மகள் என்று நினைத்திருந்தான். மாமியார் அவளைக் கணக்குப் பிரிவு என்று நினைத்திருந்தார். மாமனாரும் சகலையும் ஆளுக்கொன்று நினைத்திருந்தார்கள். கம்பளிக்குள் எல்லோரும் ஒரே மூட்டைதானே, யாரும் கேட்கவில்லை.

அவள் மஃப்ளரைப் பிரித்து, குல்லாவைக் கழற்றி மடியில் வைத்தாள்.

"இதை வரைஞ்சது நான்தான். பெட்டியைக் குடுக்க வந்தேன். வாசல்ல இதெல்லாம் மாட்டி உள்ள அனுப்பிட்டாங்க. இங்கதான் உட்காரணும் போலன்னு நினைச்சேன்."

போனில் கேட்ட அதே குரல். சின்ன மாப்பிள்ளைக்குக் காது இரண்டும் கொதித்தன. அவன் குரலை அவளும் கேட்டுக்கொண்டுதானே இருந்திருக்கிறாள்.

மாமனார் அசரவில்லை. வியாபாரி எதற்கு அசரப்போகிறார்? நேரில் கேட்டதும் நல்லதாகப் போயிற்று என்றார். கோடு சுத்தமாக இருக்கிறது, கோப்பை கைக்கு அடக்கமாக இருக்கிறது, நாய்தான் ஆகாது என்றார். நாயை எடுத்துவிட்டு மானைப் போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்.

சின்ன மாப்பிள்ளை, அவள் மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டான். தன்னால் முடியாததை அவளாவது செய்யட்டும் என்று ஒரு நப்பாசை.

"மான்தானே. போட்டுத் தரேன். அதுக்கெல்லாம் யோசிக்கவே வேண்டியதில்ல" என்றாள் அவள். அந்த 'மான்தானே'யில் இருந்த இளக்காரம் மாமனாருக்குப் புரியவில்லை. "ஆனா ஒண்ணு. எதுவா இருந்தாலும் நீங்களே எங்கிட்ட பேசுங்க. பிடிக்கலன்னா பிடிக்கலன்னு முகத்துக்கு நேரா சொல்றீங்க, அது போதும். இவர் மட்டும் இனிமே எனக்கு போன் பண்ண வேண்டாம்."

விரலை நீட்டக்கூட இல்லை. சின்ன மாப்பிள்ளையைப் பார்த்தாள், அவ்வளவுதான். பிறகு எழுந்து ஒவ்வொருவர் முன்னாலும் வந்து கோப்பைகளை வாங்கிக்கொண்டாள். அவன் முன்னால் வந்து நின்றபோது, அவன் விரல்களைப் பிரித்துக் கொடுக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவள் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. மாமனார் அவன் பக்கம் திரும்பினார்.

"நீங்களா போன் பண்ணி வரச் சொன்னீங்க? அப்போ உங்களுக்குப் பிடிச்சிருந்ததா?"

அவன் தலையை ஆட்டினான்.

"பிடிச்சிருந்தா சொல்ல வேண்டியதுதானே மாப்பிள்ளை? நீங்க இதுவரைக்கும் ஒண்ணைக்கூட வேணும்னு கேட்டதில்ல. கேட்டிருந்தா வேண்டாம்னா சொல்லியிருக்கப்போறேன்?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார். அதைக் கேட்டுத்தான் அவனுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. சகலைகூட அந்தச் சமயத்தில் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டான்.

அடுத்த பெட்டியைப் பிரித்தார்கள். வயிற்றில் மெழுகுவத்தி செருகிய பனிக்கரடி, தலையில் தங்க நிறக் கிரீடம். மாமனார் அதை எடுத்து, வேண்டுமென்றே மற்றவர்களை விட்டுவிட்டு, முதலில் அவனிடம் நீட்டினார்.

"நீங்க சொல்லுங்க. மனசுல இருக்கறதைச் சொல்லுங்க."

அவன் கரடியையும் அவருடைய புருவத்தையும் பார்த்தான்.

"நல்லா இருக்கு மாமா" என்றான்.