நாளைய மாரடைப்பு

கொடுவாய்ப்புதூரில் யாருக்கு எப்போது மாரடைப்பு வரும் என்பது முந்தைய நாள் செய்தித்தாளிலேயே வந்துவிடும். நான்காம் பக்கத்தில், மின்தடை அறிவிப்புக்குக் கீழே. ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை உண்டு. அது நாடித்துடிப்பை இதயப் பிரிவு அலுவலகத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அலுவலகம் அதை அலசிப் பார்த்துப் பெயர்களை அச்சுக்குக் கொடுக்கும்.

புதன்கிழமை காலை தெய்வசிகாமணி தன் பெயரைப் பார்த்தார். வியாழன், காலை ஒன்பது முதல் பிற்பகல் இரண்டு வரை, மூன்றாம் தெரு. எழுத்துப்பிழை எதுவும் இல்லை. மனைவி மரகதம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை படித்தாள். அப்படியானால் மாவை எட்டு மணிக்குள் ஆட்டிவிட வேண்டும் என்றாள். ஆனால் சமையலறைக்குப் போகாமல் அங்கேயே நின்றாள்.

“எதுக்கும் போயிக் கேட்டுப் பாருங்க. போன மாசம் பால்காரருக்கு ரத்து பண்ணிக் குடுத்தாங்க.”

பராமரிப்பு வேலையை முதல் நாளே முடித்துவிட்டால் ரத்து செய்ய விதியில் இடமுண்டு. இதயப் பிரிவின் உதவிப் பொறியாளர் பூங்கோதை அவருடைய நாற்பது நாள் கோடுகளைத் திரையில் விரித்தாள். அவள் கேட்பதற்கு முன்பே தெய்வசிகாமணி பஜ்ஜி தின்பதை ஒப்புக்கொண்டார்.

“பஜ்ஜிக்கு நாலு துடிப்புதாங்க ஏறுது. தினம் சாயந்திரம் ஆறே முக்காலுக்கு என்ன பண்றீங்க?”

நாற்பது நாளும் ஆறே முக்காலுக்குக் கோடு தென்னை மரம்போல் எழுந்து நின்றது. அவர் யோசித்தார். அது நடைப்பயிற்சி போகும் நேரம். மைத்துனன் ராசப்பன் வீட்டைத் தாண்டும்போது ஆறே முக்கால் ஆகும். ராசப்பன் கேட்டில் சாய்ந்துகொண்டு, “மச்சான், மாடி எப்பப் போடறீங்க?” என்று கேட்பான். தெய்வசிகாமணி வீட்டு மொட்டைமாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நிற்கத் தொடங்கிப் பதினோரு வருடமாகிறது.

பூங்கோதை எழுதிக்கொண்டாள். மாடி எப்போது என்று அவள் கேட்கவில்லை.

ஆளை மாற்ற மேலிடத்து அனுமதி வேண்டும், கேள்வியை மாற்றுவது இங்கேயே முடியும் என்றாள். ஆனால் வெறுமனே எடுத்துவிட்டால் ராசப்பனுக்கு அழுத்தம் ஏறிவிடும். அந்த இடத்தில் வேறொன்றைப் பொருத்த வேண்டும். ‘சாப்பிட்டாச்சா’, ‘மழை வருமா’ எல்லாம் சித்திரையிலேயே தீர்ந்துவிட்டன. கிடங்கில் மிச்சம் இருந்தது ஒன்றுதான். அது யானையைப் பற்றியது.

“ஆண் யானையா, பெண் யானையா?” என்று கேட்டார் தெய்வசிகாமணி.

“அது உங்க விருப்பங்க.”

மதியம் இதயப் பிரிவின் லைன்மேன் ஒருவர் ராசப்பன் வீட்டுக்குப் போய் ஏணியைச் சாத்தி இருபது நிமிடம் வேலை பார்த்தார். ராசப்பனே ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவன் மனைவி லைன்மேனுக்கு மோர் கொடுத்தாள்.

மாலை ஆறே முக்கால். ராசப்பன் கேட்டில் சாய்ந்திருந்தான். வாயைத் திறந்தான். “மச்சான், மா...” என்று ஆரம்பித்து நின்றான். தெய்வசிகாமணி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இதில் தவறினால் நாளை ஒன்பது மணிதான்.

“மச்சான், யானை எப்படி இருக்குது?”

“காலைல கொஞ்சம் மந்தமா இருந்துச்சு. இப்பப் பரவால்ல மாப்ள.”

“தண்ணி நெறைய வைங்க. வெயில் இப்படி அடிக்குது, நீங்க பாட்டுக்கு மறந்துருவீங்க.”

பட்டை எழுபத்திரண்டு காட்டியது. பதினோரு வருடத்தில் முதன்முறையாக அவர் அந்த கேட்டருகே கால்மணி நேரம் நின்றார். இரண்டு பேரும் யானையின் இடது காதில் இருந்த புண்ணுக்கு என்ன போடலாம் என்று பேசினார்கள்.

வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பத்தும் பதினொன்றும் ஆயின. பட்டை எழுபத்திரண்டிலேயே இருந்தது. இரண்டு அடித்ததும் மரகதம் வாசலிலிருந்து, “ஏனுங்க, வந்து ஒரு கை பிடிங்க” என்று கூப்பிட்டாள்.

சுற்றுச்சுவர் ஓரமாகக் கரும்புக்கட்டுகள் இறங்கியிருந்தன. கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள். வாசலின் அகலத்தை அளக்க நாடாவை நீட்டிக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி போய் அதன் மறுமுனையைப் பிடித்தார்.