லாசரஸின் பெடல் பலகை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப் புத்தகத்தின் மேல் வலது கையை வைத்துச் சொல்லலாம். இடது கையையும் கேட்டால் அதையும் வைக்கலாம். நம்பாதவர்கள் இரும்புலியூருக்குப் போய் விசாரித்துக்கொள்ளட்டும். இதுவரை போய் விசாரித்த யாரும் திரும்பி வந்து மறுத்ததில்லை.

1972-இல் இரும்புலியூர் கோயில் தெருவில் லாசரஸ் என்றொரு குமாஸ்தா இருந்தார். பகலெல்லாம் கிண்டியில் ஒரு கம்பெனியில் டைப் அடிப்பார். சாயங்காலங்களில் ‘சேலையூர் செவன்’ என்ற கல்யாணக் கச்சேரிக் குழுவில் பேஸ் கிதார் வாசிப்பார். செவன் என்பது பெயர்தான், குழுவில் ஐந்து பேர். அந்த ஐந்தில் நான்கு பேர் வாசிப்பது வெளியே கேட்கும்.

பேஸ் கிதார் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி, இல்லாமல் போனால்தான் அருமை தெரியும் என்று லாசரஸ் அடிக்கடி சொல்லுவார். இதைப் பல வருஷம் பொறுமையாகக் கேட்ட குழுத் தலைவர் தேவானந்தம், இல்லாமலே ஒரு தடவை வைத்துப் பார்த்துவிடலாம் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்.

“தப்பா எடுத்துக்காத மச்சான். போன வாரம் பம்மல் கல்யாணத்துல உன் கிதார் வயர் கழண்டு போச்சு, தெரியுமா?”

“எப்போ?”

“ரெண்டாவது பாட்டுல.”

“அதுக்கப்புறம் கடைசி வரைக்கும் வாசிச்சேனே.”

“அதத்தான் சொல்றேன். எங்களுக்குத் தெரியாதது சரி. உனக்கே தெரியல பாரு.”

வேதசிரோமணி ஹெட்மாஸ்டர் மகளுடைய கல்யாண வரவேற்புதான் கெடு. அன்றைக்கு வந்த கூட்டத்தில் யாராவது ஒருவர், ஒரே ஒருவர், பேஸ் நன்றாக இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் லாசரஸ் வீட்டிலேயே இருக்கலாம். தேவானந்தத்தின் மச்சினன் ஆர்கன் வாங்கியிருக்கிறான்; இடது கையாலேயே பேஸைப் போட்டுவிடுவான்.

லாசரஸுக்கு ஆபீஸ் உண்டு, சம்பளம் உண்டு, மனைவி பியூலா உண்டு. ஆனால் வாரத்தில் ஒரு நாள் கழுத்தில் கிதார் மாட்டிக்கொண்டு நிற்கிற அந்த ஓர் இடம்தான் தனக்கு உண்டு என்று அவர் நினைத்திருந்தார். வெளிநாட்டு ரெக்கார்டு உறை ஒன்றில் அவர் ஒரு படம் பார்த்திருந்தார். கிதார்க்காரன் காலடியில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒன்றை மிதித்தால் கிதார் உறுமுமாம், இன்னொன்றை மிதித்தால் அழுமாம், மூன்றாவதில் எதிரொலிக்குமாம். தாம்பரத்தில் அதெல்லாம் எந்தக் கடையிலும் கிடையாது. எனவே அதே தெருவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஹாஜா மைதீனிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினார்.

ஹாஜா மைதீன் படத்தைத் தலைகீழாகவும் ஒரு முறை பார்த்தார். “இன்னா சார் இது, பெரிய பேஜாரா? நான் கீறேன்ல. செஞ்சிரலாம்.”

இந்தச் ‘செஞ்சிரலாம்’ என்ற சொல்லை நம்பி ரேடியோவைக் கொடுத்துவிட்டு, அந்தத் தெருவில் சில குடும்பங்கள் இன்னும் சிலோன் ஸ்டேஷனுக்காகக் காத்திருந்தன. லாசரஸுக்கும் அது தெரியும். ஆனால் முங்குகிறவன் கையில் கிடைத்த கட்டை தேக்கா மாவா என்று பார்ப்பானா?

முதலில் உறுமல். செத்துப்போன ரேடியோ ஒன்றிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டரைப் பிடுங்கிச் சோப்பு டப்பாவில் அடைத்தார் ஹாஜா மைதீன். லாசரஸ் மிதித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் லெவல் கிராசிங் கேட்கீப்பர் ரயில் வருகிறது என்று கேட்டைச் சாத்திவிட்டார். லாரிகளும் மாட்டு வண்டிகளும் இரண்டு பக்கமும் நின்றன. லாசரஸ் காலை எடுத்தார், கேட் திறந்தது. மறுபடி மிதித்தார்; மறுபடி சாத்தியது.

“பாய், நான் கேட்டது சிங்கம் உறுமற மாதிரி.”

“ரயிலு சிங்கத்த விடப் பெர்சு சார். லாபம்தானே உங்களுக்கு?”

அடுத்தது அழுகை. இதற்குக் காலால் முன்னும் பின்னும் ஆட்டுகிற மிதி ஒன்று வேண்டும் என்றார் ஹாஜா மைதீன். அன்று சாயங்காலம் பியூலா ஒரு ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தாள். காலை நீட்டினாள். கால் தரையில் போய் இடித்தது.

“என்னங்க, மிஷின் மிதி எங்க?”

“பாய் கடையில.”

“ரிப்பேரா?”

“இல்ல பியூலா. கிதார் அழணும்.”

“ஏன், நான் அழறது பத்தலையா?”

கிதார் அழுதது. அதில் குறை சொல்ல முடியாது. லாசரஸ் வீட்டு முன்னறையில் ஒரு கால்மணி நேரம் வாசித்துவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் பத்துப் பதினைந்து பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்தார்கள். ஒருவர் மாலையே வாங்கி வந்திருந்தார். “எத்தனை மணிக்கு எடுக்கறாங்க?” என்று லாசரஸிடமே தாழ்ந்த குரலில் கேட்டார். பியூலா எல்லாருக்கும் காப்பி போட வேண்டியதாயிற்று. மாலையை வீணாக்குவானேன் என்று கிதாருக்கே போட்டுவிட்டுப் போனார்கள்.

எதிரொலிதான் ஆளைக் கொன்றது. ஹாஜா மைதீன் ஸ்பீக்கர் ஒன்றைக் கயிறு கட்டித் தெருக் கிணற்றில் இறக்கினார். லாசரஸ் கிணற்றடியில் நின்று வாசித்தார். எதிரொலி வரவில்லை. பொழுது சாயும்வரை காத்திருந்தும் வரவில்லை. மறுநாள் காலையில் கிளியம்மாள் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தபோது வந்தது. குடத்தைப் போட்டுவிட்டு ஓடியவள், அப்புறம் ஒரு மாதம் குழாயடிக்குத்தான் போனாள்.

“பாய், இன்னைக்கு வாசிக்கிறது நாளைக்குக் கேட்டா கல்யாணத்துக்கு எப்படிப் பாய் உதவும்?”

“ஆழம் ஜாஸ்தி சார். கம்மி பண்ணிக்கலாம்.”

கம்மி பண்ணினார். அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஓர் ஊறுகாய் ஜாடியில் பிடித்து, இரண்டு வயரை உள்ளே விட்டு, வாயை மெழுகால் அடைத்தார். எதிரொலி உடனுக்குடன் வந்தது. கொஞ்சம் எலுமிச்சை வாடையும் வந்தது.

இனி மூன்றையும் பொருத்த ஒரு பலகை வேண்டும். கோயிலில் அப்போதுதான் புதுப் பாட்டு எண் பலகை வாங்கியிருந்தார்கள். ஆராதனையில் பாட வேண்டிய பாட்டுகளின் எண்களைச் செருகி, பீடத்துக்குப் பக்கத்தில் சபையார் பார்க்கும்படி மாட்டுவார்களே, அந்தப் பலகை. பழையது சாமான் அறையில் கிடந்தது. நல்ல தேக்கு. மூன்று வரிசைப் பள்ளம். வரிசைக்கு ஒரு பெடலாக அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தன. பள்ளங்களில் மீதி இடம் காலியாகக் கிடந்தது லாசரஸின் கண்ணை உறுத்தியது. கூடவே கிடந்த பையிலிருந்து எண் தகடுகளை எடுத்து, அழகுக்காகச் செருகினார். உறுமலுக்கு 114, அழுகைக்கு 27, ஜாடிக்கு 208. விவரம் தெரிந்த நாளிலிருந்து ஞாயிறுதோறும் அந்தப் பலகையைப் பார்த்துப் பாட்டுப் பாடிய மனிதர் செய்த காரியம் இது.

வரவேற்பு அதே 1972-இல் கோயில் தெருவின் சபை மண்டபத்தில் நடந்தது. ஆம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. மின்விசிறிகள் சுற்றின. லாசரஸ் பலகையைக் காலடியில் வைத்தார். தேவானந்தம் அதை எடுத்து மேடை விளிம்பில் கூட்டத்தைப் பார்க்கச் சாய்த்து வைத்தார்.

“ஜனங்க பாக்கட்டும் மச்சான்.”

“நான் எப்படி மிதிக்கிறது?”

“எட்டி மிதி.”

முதல் பாட்டு ஆரம்பித்தது. லாசரஸ் எட்டி உறுமலை மிதித்தார். அதே நேரம் முன்வரிசையில் உபதேசியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பலகையைப் பார்த்தார். பார்த்தவர் எழுந்தார். உபதேசியார் எழுந்தால் சபை எழும். கேக்கையும் மிக்சரையும் நாற்காலியில் வைத்துவிட்டு மண்டபமே எழுந்து நின்று, நூற்றுப்பதினாலாம் பாட்டைத் தொண்டை திறந்து பாடியது. அது அறுப்பின் பண்டிகைப் பாட்டு. லாசரஸ் உறுமினார், அழுதார், ஜாடி உடைய மிதித்தார். ஒன்றும் கேட்கவில்லை. லெவல் கிராசிங்கில் மட்டும் கேட் சாத்தியது.

அது முடிந்ததும் யாரும் உட்காரவில்லை. இருபத்தேழுக்குப் போனார்கள். அது குழந்தை ஞானஸ்நானத்துக்குப் பாடுவது. மாப்பிள்ளை திடுக்கிட்டு மாமனாரைப் பார்த்தார்.

அடுத்தது இருநூற்றெட்டு. அது கல்லறையில் பாடுவது என்பது லாசரஸுக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது. கிதாரோடு மேடையில் குப்புற விழுந்து, எட்டை மட்டும் பிடுங்கினார். பலகையில் இருபது நின்றது. இருபது லெந்து என்கிற நோன்புக் காலத்துப் பாட்டு, பதினோரு சரணம். இரும்புலியூர் சபை எந்தக் காலத்திலும் ஒரு சரணத்தை விட்டுப் பாடிய சபை அல்ல.

பாடி முடித்தபோது வேதசிரோமணி கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்கு வந்து தேவானந்தத்தின் கையைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, கல்யாணக் கச்சேரின்னா ஜனங்க சாப்பிடப் போயிடுவாங்க. எழுந்து நின்னு பாடி நான் பாத்ததே இல்ல. பொழிச்சலூர்ல என் தம்பி மக கல்யாணம். அதுக்கும் நீங்கதான் வரணும்.”

லாசரஸ் சட்டையில் மண்ணோடு முன்னால் வந்தார். “சார், பேஸ் எப்படி சார் இருந்தது?”

“பேஸா?” ஹெட்மாஸ்டர் நியாயமாக யோசித்தார். “அது இன்னைக்கு இருந்ததா?”

அவர் போன பிறகு தேவானந்தம் லாசரஸின் தோளில் கை போட்டார். “உன் இடம் உனக்குத்தான் மச்சான். இனிமே யாரும் அதுல கை வைக்க முடியாது. பொழிச்சலூருக்குப் பலகைய மறக்காம எடுத்துட்டு வந்துடு.”

“கிதார்?”

“அது எதுக்கு? வண்டில இடம் பத்தாது.”

அதன் பிறகு பல வருஷம் ‘சேலையூர் செவன்’ கச்சேரிகளில் லாசரஸ் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேடை ஓரத்தில் நின்று, பாட்டுக்குப் பாட்டு எண்களை மாற்றினார். அவரைப் போல எண் மாற்ற ஆளில்லை என்று செங்கல்பட்டு வரை பேச்சு.

இரும்புலியூர் கோயில் தெருவுக்கு முதல் மின்கம்பம் நட்டது 1976-ஆம் வருஷம் மார்ச் மாதம்.