வாலுவின் இடது கை

அந்த ஷூ பட்டறையில் தையல் மிஷினுக்கு ஒருத்தி, பசை தடவ ஒரு பிள்ளை என்று ஜோடியாக வந்தால்தான் வேலை. அம்மா தைப்பாள், மகள் பசை தடவுவாள். அசந்தவர் மூக்கிலெல்லாம் பசையைத் தீட்டிவிடுவதால் மகளுக்கு வாலு என்று பட்டம். ஆனால் சாயங்காலமானால் நெடியில் தலை சுற்றி, அந்த வாலு அம்மா தோளில் துவண்டு கிடக்கும். மகளை எப்படியாவது அந்த நெடியிலிருந்து வெளியே எடுத்துவிட வேண்டும், அம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை. வாயைத் திறந்து கேட்டால் இரண்டு பேருக்கும் சீட்டு கிழிந்துவிடும்.

அதனால்தான் பட்டறைப் பிள்ளைகளைப் படம் எடுத்துப் பேப்பரில் போட ஒரு போட்டோக்காரி தேடி வந்தபோது அம்மா தலையாட்டினாள். முதலாளி சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பின்கதவைத் திறந்துவிட்டவளும் அவள்தான்.

"மொகம் மட்டும் தெரியக் கூடாதும்மா."

"தெரியாதுக்கா. அதுக்கு நான் பொறுப்பு."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள், அதில் குறை சொல்ல முடியாது. பேப்பரில் வந்த படத்தில் முகம் ஒரே கலங்கல். பெற்றவளே கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு நிம்மதியாக மூச்சு விட்டாள். பிரஷ் பிடித்த கை மட்டும் பளிச்சென்று இருந்தது, விரல் நுனியெல்லாம் வெடித்துப்போய். அந்தக் கையைப் பார்த்து ஊரே உச்சுக் கொட்டியது.

முதலாளி உச்சுக் கொட்டவில்லை. பேப்பரை மேஜையில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "எடது கையால பசை தடவுறது இங்க யாரு?"

பிறந்ததிலிருந்து பார்க்கிற கை. அது இடது கை என்பதே அம்மாவுக்குத் தோன்றவில்லை. போட்டோக்காரிக்கும் தோன்றவில்லை. பாழாய்ப்போன இரண்டு பேரும் முகத்தையே மறைத்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தைப் பார்த்து அதிகாரிகள் வந்தபோது பட்டறையில் ஒரு பிள்ளைகூட இல்லை. சுத்தமாகக் கூட்டி, சிறுவர்களுக்கு வேலை இல்லை என்று போர்டு வேறு மாட்டியிருந்தது. டீ குடித்துவிட்டுப் போனார்கள். மறுநாளே பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்தாயிற்று, வாலுவைத் தவிர. அவளுக்கும் அம்மாவுக்கும் சீட்டு கிழிந்திருந்தது. அம்மா ஏறி இறங்கிய பட்டறைகளில் எல்லாம் ஒரே பேச்சு: "பசைக்கு ஆள் இல்லாம நீ மட்டும் எதுக்கு? அந்த எடது கைப் பொண்ணும் வேணாம்."

சேதி கேட்டுப் போட்டோக்காரி வீட்டுக்கு ஓடி வந்தாள். அவளை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க அம்மா எத்தனையோ சேர்த்து வைத்திருந்தாள். அழுது வீங்கிய அந்த முகத்தைப் பார்த்ததும் பாயைத்தான் விரித்துப் போட்டாள்.

"நான் என்னக்கா செய்யட்டும்?"

"எனக்குத் தெரிஞ்சா நான் செஞ்சிருக்க மாட்டேனா?"

மூலையில் வாலு ஒரு பழைய ஷூவை மடியில் வைத்துக்கொண்டு, பிரஷைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். வலது கையால். பாவாடையெல்லாம் ஈரம்.

"அம்மா, பாரேன்! இன்னிக்கு ஓரத்தைத் தாண்டல. நாளைக்கே புதுப் பட்டறைல கேளு."

வேண்டாம் என்று சொல்ல அம்மா வாயெடுத்தாள். அணைந்து கிடந்த அடுப்பைப் பார்த்தாள்.

போட்டோக்காரியின் கை பழக்கத்தில் பையிலிருந்த கேமராவைத் தொட்டது. வாலு அதைப் பார்த்துவிட்டாள்.

"எடுங்கக்கா," என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாரும் சொல்லாமலே இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள்.