பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம்

காலை முதல் பீரியடிலேயே கணக்கு டீச்சர் பின்னத்தை ஊரைக் கூட்டும் குரலில் நடத்திக்கொண்டிருந்தார். ஆசைப்பட்டுக் கத்தவில்லை, பாவம். அவர் வகுப்புக்கும் பக்கத்து அறிவியல் வகுப்புக்கும் நடுவே இருந்தது வெறும் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அறிவியல் சார் இதயத்தை விளக்கினால், இந்தப் பக்கம் கணக்கு நோட்டில் 'வலது ஆரிக்கிள்' என்று எழுதிவைக்கும் பிள்ளைகளும் உண்டு. சார் குரலை அமுக்க டீச்சர் குரலை உயர்த்துவார். உடனே சாரும் உயர்த்துவார். பதினோரு வருடமாக இதே கூத்து.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் டீச்சர் வாயிலிருந்து குரலுக்குப் பதில் காற்றுதான் வரும். எட்டு வயது மகள் கதை கேட்டால் கைஜாடைதான் பதில். "ஸ்கூல் பிள்ளைங்களுக்கே எல்லாக் குரலையும் குடுத்துட்டு வந்துடறியேம்மா" என்று அவள் ஒருநாள் சொன்னது டீச்சருக்குச் சுருக்கென்று தைத்தது.

மறுநாளே தொண்டை டாக்டரிடம் போனார்.

"வாத்தியார் வேலைன்னா தொண்டை கட்டத்தானே செய்யும்னு விட்டுட்டேன் டாக்டர்."

"அப்படி விட்டுத்தான் குரல் நாண்ல காய்ப்பு விழுந்திருக்கு. ஒரு வாரம் வாயே திறக்கக் கூடாது. அப்புறமும் கத்தினீங்கன்னா இருக்கற குரலும் போயிடும்."

பரீட்சை நெருங்கியதால் லீவு போட மனம் வரவில்லை. கரும்பலகையில் எழுதினார்: 'இன்று எனக்குப் பேச்சு இல்லை. கணக்கு உண்டு.' பிள்ளைகள் சிரித்துவிட்டு, ஒவ்வொருவராக எழுந்துவந்து கணக்கைப் போட்டார்கள். கால் மணி நேரத்தில் ஓர் அதிசயம். தடுப்புக்கு அந்தப் பக்கக் குரலும் மெல்ல மெல்ல இறங்கியது. பீரியட் முடிந்ததும் அறிவியல் சார் எட்டிப் பார்த்தார்.

"என்ன டீச்சர், சத்தத்தையே காணோம்? நீங்க கத்தறீங்கன்னுதானே நான் இத்தனை வருஷமா கத்தறேன்!"

'நீங்கள் கத்துகிறீர்கள் என்றுதான் நான் கத்தினேன்' என்று டீச்சர் எழுதிக் காட்டினார்.

சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "நல்லா இருக்கு நம்ம லட்சணம்! எனக்கும் மூணு வருஷமா தொண்டை எரியுது. மாத்திரையைச் சப்பிக்கிட்டே காலத்தை ஓட்டறேன்."

டீச்சரின் பேசாத வாரம் முடிந்ததும் தொடங்குவதாக அன்றே ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். பாதி பீரியட் ஒருவர் பேசினால் மற்றவர் வகுப்பில் எழுத்து வேலை. மணியைப் பார்த்து மாற்றிக்கொள்வது. தலைமையாசிரியை சுவர் கேட்டு மேலிடத்துக்கு எழுதினார். அது வரும்போது வரட்டும்.

மூன்று வாரம் கழித்து ஒரு சாயங்காலம், கதையில் வந்த ராட்சசன் டீச்சரின் சொந்தக் குரலில் உறுமினான். மகள் கண்ணை விரித்தாள்.

"இன்னைக்கு ஸ்கூலுக்குக் குரல் குடுக்கலியாம்மா?"

"குடுத்தேன்டி, உனக்கும் மிச்சம் வெச்சுட்டு. சுவர் இருந்தாத்தானே சித்திரம்? வாத்தியார்னா தொண்டை கட்டத்தான் செய்யும்னு யாரும் சும்மா இருந்துடக் கூடாது. குரலைக் காப்பாத்திக்கிட்டாத்தான் வகுப்பும் நடக்கும், வீடும் நடக்கும்."

"சரி சரி, ராட்சசன் அப்புறம் என்ன பண்ணான்?" என்றாள் மகள். டீச்சர் மனம் நிறையச் சிரித்துவிட்டுக் கதையைத் தொடர்ந்தார்.