சிணுங்கிக்குப் பதினொரு சடை

குதிரையைக் குளிப்பாட்டியது மாமனார். அதுவும் மருமகனுக்கு ஒத்தாசை செய்கிறேன் என்று. வேறு யாராக இருந்தாலும் குதிரைக்காரன் வாயில் வந்ததை எல்லாம் கொட்டியிருப்பான். பெண்ணைக் கொடுத்தவரிடம் அப்படிப் பேச முடியுமா?

சவாரிப் பள்ளியில் மூன்று குதிரைகள் அவன் பொறுப்பு. இரண்டு சாது. மூன்றாவது, பழுப்பு நிறப் பெண்குதிரை, சிணுங்கி. பிடரியில் விரல் பட்டாலே கழுத்தைச் சிலுப்பி, கண்ணை உருட்டி, கொட்டிலை இரண்டு பண்ணிவிடும். போட்டி நாளில் மற்ற குதிரைகளின் பிடரிமயிரைச் சடை சடையாகப் பின்னி, சுருட்டி, நூலால் தைத்து நிறுத்துவார்கள். இது மட்டும் தூங்கி எழுந்த தலையோடு வரிசையின் கடைசியில் நிற்கும்.

எட்டு மாதம் அவன் அதற்குப் பாடுபட்டான். தினமும் சாயங்காலம் முதலில் வால். பின்னால் போய் நிற்காமல் தொடையோரமாக நின்று, வாலைத் தன் பக்கம் இழுத்து, நுனியிலிருந்து மேலே மேலே விரலாலேயே சிக்கெடுப்பான். சீப்பை உச்சியில் வைத்து இழுத்தால் முடி அறும். அறுந்த வால்முடி பழையபடி வளர வருஷக்கணக்காகும். வாலில் அது சொக்கிப்போன நேரம் பார்த்துக் கை மெல்லப் பிடரிக்குப் போகும். முதல் மாதம் தொட மட்டும். மூன்றாம் மாதம் ஒரு சடை. போன வாரம் பதினொன்றும் போட்டுப் பார்த்துவிட்டான்.

அந்தப் பூரிப்பில்தான் வாயைக் கொடுத்தான். டீ நேரத்தில், லாடக்காரர் ஊரைக் கூட்டி, "சிணுங்கிக்குச் சடையா? அதுக்கு ஜோடிச்சு அழகு பாக்கறதுக்குள்ள நமக்கு நரைச்சிடும்" என்றார்.

"போட்டியன்னைக்குக் காலைல ஒன்பது மணிக்குப் பதினொரு சடை நிக்கும்ணே. நிக்கலைன்னா என் மீசையை எடுத்துடறேன்."

சும்மா மீசையா அது? பத்தொன்பது வயதிலிருந்து வளர்த்த மீசை. மனைவிக்கு அடுத்தபடி அவன் அதிகம் பயந்து பராமரித்தது அதைத்தான்.

போட்டியன்று காலை ஆறு மணிக்குத் தீவனம் அளக்கப் போனான். திரும்பி வந்தால் சிணுங்கி நனைந்து நிற்கிறது, பக்கத்தில், போட்டி பார்க்கக் கூடவே வந்திருந்த மாமனார். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். தினமும் வண்டியைத் தன் கையால் கழுவாமல் எடுத்ததில்லை. ஓய்வு பெற்றபின் மகள் வீட்டுக்கு வந்து பத்து நாளாக, எந்த வேலைக்குப் போனாலும் "நீங்க உக்காருங்கப்பா" என்ற பதிலையே கேட்டு நொந்து போயிருந்தார். இன்று கேட்காமலே செய்துவிட்டார். மகளின் கண்டிஷனர் பாட்டில் முழுதும் காலி. பிடரி, வால், ஒரு முடி பாக்கியில்லை. எட்டு மாதப் பழக்கம், சிணுங்கியும் கழுத்தை நீட்டிக் கொடுத்திருக்கிறது.

"எப்படி மாப்பிள்ளை, பளபளன்னு இருக்கா?"

குதிரைக்காரன் பிடரியைக் கையில் எடுத்தான். மீன் நழுவுகிற மாதிரி நழுவியது. புதிதாகக் கழுவிய மயிரில் சடை நிற்காது. கொஞ்சம் புழுதியும் பிசுக்கும் இருந்தால்தான் பிடிமானம். இதில் கண்டிஷனர் வேறு.

வழி இல்லாமல் இல்லை. எதிரே மணல் முற்றம். ஈரம் காயவைத்து அவிழ்த்துவிட்டால் சிணுங்கி சந்தோஷமாக நாலு தடவை புரளும், மயிரெல்லாம் புழுதி ஏறும், உடம்பை மட்டும் தட்டிவிட்டுப் பின்னிவிடலாம். நேரமும் இருந்தது.

ஆனால் மாமனார் அங்கேயே நின்றார். முழங்கால் வரை நனைந்த வேட்டியோடு, கையில் துண்டோடு, பத்து நாளில் முதல் தடவையாக முகமெல்லாம் பல்லாக. அவர் கண்ணெதிரே அதை மண்ணில் உருட்ட அவனுக்கு மனசு வரவில்லை. மீசையை ஒருமுறை தடவிக்கொண்டான்.

"பளபளன்னு இருக்கு மாமா. இவ்வளவு பளபளப்பா நான் பாத்ததே இல்ல."

பொய்யும் இல்லை.

பின்னினான். தண்ணீரைத் தொட்டுத் தொட்டு, நூலை இரட்டையாகப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னினான். ஏழாவது போடும்போது முதலாவது அவிழ்ந்தது. அதைச் சரிசெய்வதற்குள் மூன்றாவது. ஆச்சரியம் என்னவென்றால், அந்த இரண்டு மணி நேரமும் சிணுங்கி ஒரு தடவைகூடச் சிலுப்பவில்லை. அதற்காகவே அவனுக்கு அழவேண்டும் போலிருந்தது.

ஒன்பது மணிக்கு நின்றவை நாலு சடை. பள்ளியின் முதலாளியம்மா வந்து பார்த்து, "சடை எலிவால் மாதிரி இருக்கு. ஆனா சிணுங்கி அசையாம நின்னுச்சே! இது நின்னதே பெரிசுப்பா" என்று சொல்லி, அப்படியே போட்டிக்கு அனுப்பினார். லாடக்காரர் விடுவாரா?

"ஏம்பா, கழுவுன பிடரியில எவனாச்சும் சடை போடுவானா? சரி, கழுவித் தொலைச்ச. மண்ணுல ஒரு புரட்டு புரட்டியிருந்தா முடிஞ்சிருக்குமே! இத்தனை வருஷ வேலைக்காரன், இதுகூடவா தெரியல?"

குதிரைக்காரன் ஊசியையும் நூலையும் பெட்டியில் போட்டான். மாமனார் பக்கம் திரும்பவே இல்லை. குழாயடிக் கண்ணாடியில், எல்லாரும் கைதட்ட, மீசையை வழித்தான். "இனிமே நீ கீழே விழுந்தா மண்ணு ஒட்ட இடமில்லப்பா" என்று லாடக்காரர் சொன்னதற்கு அவனும் சேர்ந்து சிரித்தான். கழுவி நிமிர்ந்தபோது மாமனாரைக் காணோம்.

மத்தியானம் வீட்டுக்குப் போனான். கதவைத் திறந்த மனைவி ஒரு கணம் யாரோ என்று பார்த்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேலுதட்டில் காற்று படுவது அவனுக்கும் புதிதாக இருந்தது. "சிரிச்சு முடிச்சுட்டுச் சாப்பாடு போடு" என்று தட்டின் முன்னால் உட்கார்ந்தான்.

இலேசாகச் செருப்புச் சத்தம். மாமனார் உள்ளே வந்தார். மகள் சிரிப்பை நிறுத்தினாள். அவள் பிறந்ததிலிருந்து பார்த்த மீசை, அவருடைய டிரைவர் மீசை, அந்த முகத்தில் இல்லை. அது இருந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது.

"என்ன மாமா இது?" குதிரைக்காரன் பதறி எழுந்தான்.

"கழுவுனது நான். மீசை மட்டும் உங்களோடதா?"

சொல்லிவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உக்காருங்க மாப்பிள்ளை. சாப்பிட்டுட்டு, அந்தப் புரட்டு எப்படிப் புரட்டணும்னு எனக்குக் காட்டுங்க."